பெற்றது எத்தனை, தங்கியது எத்தனை?

அந்தக் காலமும் இந்தக் காலமும்: குடும்பத்தோடு படிக்க ஒரு பாடம்

 

"அந்தக் காலம் போல வருமா?" என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. கம்பங்கூழ் குடித்து உடம்பு இரும்பாக இருந்தது, பாட்டி பத்துப் பிள்ளை பெற்றும் ஆஸ்பத்திரிப் படி மிதித்ததில்லை, கதவைப் பூட்டாமல் தூங்கினோம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். "அப்போது கரண்டே கிடையாதே" என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள். இரு தரப்பும் அளவுகோல் இல்லாமலே அளக்கின்றன.

பொழுதுபோக்குப் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பேச்சை வைத்துத்தான் நாம் சில முடிவுகளை எடுக்கிறோம். "எங்களுக்கெல்லாம் ஊசியா போட்டார்கள்?" என்று பேரனின் தடுப்பூசித் தேதியைத் தவற விடுகிறோம். "பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மருமகளின் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறோம். "அந்தக் காலத்துப் பெண்கள் படித்தா குடும்பம் நடத்தினார்கள்?" என்று மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்துகிறோம். ஆகவே ஒரு காலத்தையும் இன்னொரு காலத்தையும் எப்படி ஒப்பிடுவது என்று நிதானமாகப் பார்ப்பது நமக்கு அவசியமாகிறது.

1. யாருடைய வாழ்க்கையை ஒப்பிடுகிறோம்?

2025ஆம் ஆண்டில் நம் கூமாப்பட்டி கைபேசிகள் வழியே நாடெங்கும் பேசப்பட்டது. மலையையும் தென்னந்தோப்பையும் வயலையும் கண்டவர்கள் பூலோக சொர்க்கம் என்று தேடி வந்தார்கள். ஒரு பகல் இருந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஊர் அப்படித்தான் தெரியும். நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எங்கே ஓடுவது, கடைசிப் பஸ்ஸை விட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் இங்கே குடியிருக்கிறவருக்குத்தான் தெரியும்.

கடந்த காலத்தையும் நாம் பெரும்பாலும் அப்படி வந்து போகிறவரின் கண்ணால்தான் பார்க்கிறோம். அரண்மனையும் வெற்றியும் தெரிகின்றன. அரண்மனைக்குக் கல் சுமந்தவர் தெரிவதில்லை. முந்தைய காலத்தில் நம்மை வைத்துப் பார்க்கும்போது ஜமீன்தாராகவோ வணிகராகவோ நினைத்துக்கொள்கிறோம். கூலிக்காரராகவோ, பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணாகவோ யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் விதி இது. ஒரு காலத்தை எடைபோடும்போது "அந்தக் காலத்தில் நான் யாராகப் பிறப்பேன் என்று தெரியாது" என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆணோ பெண்ணோ, நிலக்காரரோ பண்ணையாளோ, மூத்த பிள்ளையோ பிறந்து பத்தே நாளில் போன பிள்ளையோ, எதுவாகவும் இருக்கலாம். அப்படி இருந்தும் அந்தக் காலத்தில் பிறக்கச் சம்மதிப்பேனா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, அரண்மனையிலேயே பிறந்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஷாஜஹானின் மனைவி மும்தாஜ் மஹல் உலகின் மிகப் பெரிய செல்வங்களில் ஒன்றுக்கு அரசியாக இருந்தவர். 1631ஆம் ஆண்டு புர்ஹான்பூரில், தமது 14ஆவது பிரசவத்தில் இறந்தார். அவர் பெற்ற 14 பிள்ளைகளில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் ஏழு பேர். அரண்மனை வைத்தியர்களும் கஜானாவும் அந்தத் தாயையும் மற்ற ஏழு பிள்ளைகளையும் காப்பாற்ற உதவவில்லை. நாம் போய் அழகு பார்க்கும் தாஜ்மஹால், பிரசவத்தில் இறந்த ஒரு தாயின் கபர்.

இன்னும் அருகே வருவோம். 1924இல் அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜின் 16 வயது மகன் டென்னிஸ் விளையாடியபோது காலில் கொப்புளம் வந்தது. அது சீழ் வைத்து, இரத்தத்தில் விஷமேறி, சில நாட்களில் அந்தப் பையன் இறந்தான். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது 1928இல். அது மருந்தாகக் கைக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் மாத்திரை அன்று ஒரு ஜனாதிபதிக்கும் கிடைக்கவில்லை.

2. முதல் அளவுகோல்: பிறந்த பிள்ளை தங்குகிறதா?

நம் ஊர்ப் பெரியம்மாக்களிடம் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தால் இரண்டு கணக்குச் சொல்வார்கள். பெற்றது இத்தனை, தங்கியது இத்தனை. இன்று இந்த இரண்டாவது கணக்கைக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. பெற்ற பிள்ளை தங்கும் என்று நம்பியே இன்று பெயர் வைக்கிறோம், அகீகா கொடுக்கிறோம்.

முந்தைய காலத்தில் அந்த நம்பிக்கை யாருக்கும் கிடையாது. நபி (ஸல்) அவர்களின் ஏழு மக்களில் ஆறு பேர் அவர்களின் கண் முன்னாலேயே வஃபாத்தானார்கள். காசிம், அப்துல்லாஹ், இப்ராஹீம் (ரலி) என்ற மூன்று ஆண் மக்களும் சிறு பிராயத்திலேயே போய்விட்டார்கள். இப்ராஹீமை மடியில் வைத்து நபியவர்கள் கண்ணீர் விட்டதை நாம் பயானில் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில் வீடுதோறும் இருந்த துக்கம் அது.

பிறந்த பிள்ளைகளைக் கொண்டுபோன நோய்களில் ஒன்று ஜன்னி. சுத்தமில்லாத கருவியால் தொப்புள்கொடியை அறுப்பதால் வருவது. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள், பெரும்பாலும் அகீகா கொடுக்கிற ஏழாம் நாளை ஒட்டியே, பிள்ளை பால் குடிக்க மாட்டாமல் விறைத்துப் போகும். காற்று, கருப்பு என்று காரணம் சொன்னார்கள். கர்ப்பிணிக்கு ஊசியும், சுத்தமான பிரசவமும் வந்த பிறகு அது குறைந்தது. பச்சிளங்குழந்தை ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டதாக 2015இல் உறுதி செய்தார்கள்.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 1971இல் உயிரோடு பிறந்த 1,000 குழந்தைகளில் 113 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020இல் அது 13. ஐம்பது ஆண்டுக்குள் நூறு கபர்கள் குறைந்திருக்கின்றன. பிரசவத்தை ஒட்டித் தாய் இறப்பதும் அப்படியே குறைந்தது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 54 தாய்மார்கள் இறக்கிறார்கள். அகில இந்தியக் கணக்கு 97. அந்த 54 பேரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்பதால் வேலை முடிந்துவிடவில்லை.

இந்த இடத்தில் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. நாடு விடுதலை பெற்ற சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டு. இன்று சுமார் 70. "அப்படியானால் என் பாட்டனார் 80 வயது வாழ்ந்தாரே?" என்று கேட்பீர்கள். சராசரி எப்படி வருகிறது என்று பாருங்கள். பத்துப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். நால்வர் ஒரு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். ஆறு பேர் 60 வயது வரை வாழ்கிறார்கள். மொத்தம் 360 ஆண்டு. பத்தால் வகுத்தால் 36. அந்த வீட்டில் 36 வயதில் இறந்தவர் ஒருவருமில்லை. ஆனாலும் சராசரி 36தான். நம் நினைவில் இருப்பது 80 வயது வாழ்ந்த பாட்டனார் மட்டுமே. அவருடைய தம்பி தங்கைகளாகப் பிறந்து, பெயர் நிலைக்கும் முன்பே போனவர்களை நினைவில் வைக்க யாருமில்லை. அவர்களையும் சேர்த்துக்கொள்வதற்குத்தான் கணக்கு எழுதுகிறார்கள்.

3. இரண்டாம் அளவுகோல்: அடுத்த வேளைச் சோறு

"ரூபாய்க்கு இத்தனை படி அரிசி விற்றது" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதுண்டு. அரிசியின் விலையை மட்டும் கேட்டால் போதாது. அந்த ஒரு படி அரிசிக்கு எத்தனை நாள் களை எடுக்க வேண்டியிருந்தது என்றும் கேட்க வேண்டும். நம் வட்டாரத்துக் கூலிக் குடும்பங்களில் நெல்லுச்சோறு என்பது பெருநாளைக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளில் கம்பு, சோளம், கேழ்வரகுக் கஞ்சி. 1967 தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி இந்த மாநிலத்தின் ஆட்சியையே மாற்ற உதவியது. அரிசி எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னும் பின்னே போனால் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டியது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் அன்று திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. 1910இல்தான் இராமநாதபுரம் மாவட்டத்தோடு சேர்ந்தது. அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென்று அரசு 1877இல் நிர்ணயித்தது. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்து எழுதினார். அதே பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. நம் ஜில்லாக்களின் ஏழைகள் நடந்தும் தோணி ஏறியும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள்.

இன்று மழை தவறினால் கஷ்டம் வருகிறது. கடன் வருகிறது. ஆனால் ஊர் ஊராகப் பட்டினியால் மையத்து விழுவதில்லை. இது தானாக நடக்கவில்லை. காமராஜர் ஆட்சியில் 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. 2011 முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ரேஷன் அரிசியைக் கேலி பேசுகிறவர்கள் தாது வருஷத்துக் கஞ்சித் தொட்டியை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

4. மூன்றாம் அளவுகோல்: நோய்க்கு அஞ்சாத வாழ்வு

அறிவு இல்லாத காலம் என்று முன்னோரைக் குறைத்துப் பேச முடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அர்ராஸி என்ற முஸ்லிம் மருத்துவர் பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தித் தனி நூல் எழுதினார். ஆனால் பெரியம்மை வராமல் தடுக்கும் வழி அவர் கையில் இல்லை. தடுப்பு முறை பரவிய பிறகே, 1975இல், இந்தியாவின் கடைசிப் பெரியம்மைத் தொற்று பதிவாயிற்று. அம்மைத் தழும்பு முகங்கள் ஊருக்கு ஊர் இருந்தன; இன்றைய பிள்ளைகள் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததே இல்லை.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் கடன் அடைத்து, வஸிய்யத் எழுதி, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் புறப்படுவது நம் வழக்கம். அன்று அது வெறும் வழக்கமாக இருக்கவில்லை. 1865 ஹஜ்ஜில் காலரா பரவி 15,000 ஹாஜிகள் அளவில் இறந்தார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லை என்றே வீட்டார் வழியனுப்பினார்கள். இன்று விமானம் இறங்கிய சில மணி நேரத்தில் ஹாஜியிடமிருந்து போன் வருகிறது.

நாம் இருப்பது மலையடிவாரம் என்பதால் மலேரியாவையும் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற சமயத்தில் நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடி பேருக்கு மலேரியா கண்டதாகவும், எட்டு லட்சம் பேர் இறந்ததாகவும் கணக்கிட்டார்கள். 1953இல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் வந்து வீடு வீடாக மருந்தடித்தார்கள். இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பியவர்கள் நம் வயதுக்காரர்களில் இருக்கிறார்கள். நாட்டின் கடைசி இளம்பிள்ளை வாத நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். 2014இல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

5. நான்காம் அளவுகோல்: தலை நிமிர்ந்து நடக்க முடிகிறதா?

பழைய காலம் அமைதியாக இருந்தது என்கிறோம். யாருக்கு அமைதி? செருப்பணிந்து போகக்கூடாத தெருக்களும், சிலர் தண்ணீர் எடுக்கக்கூடாத கிணறுகளும் இருந்தன. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை பண்ணையில் உழைத்தான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது.

1901 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் ஆயிரத்துக்கு ஆறு பேர். 2011இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 73 பேர். வளைகுடாவிலிருந்து கணவர் எழுதிய கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சொந்தக் கணவரின் அந்தரங்கமான வார்த்தை இன்னொருவர் வாய் வழியாகத்தான் காதுக்கு வந்தது. அந்தக் காலம் திரும்பி வரட்டும் என்று அவர்களில் யார் கேட்பார்கள்?

6. இழந்தவையும் உண்டு

இத்தனையும் சொல்லி, இன்று எல்லாம் நலம் என்று முடித்தால் அது நேர்மையாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். பசியை வென்றோம், இப்போது மூன்று வேளையும் வெள்ளைச் சோறு தின்று உட்கார்ந்த இடத்தில் நோயை வாங்குகிறோம். நமது அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்பவை முன்பு அபூர்வம், இப்போது வழக்கமாகிவிட்டன.

கடன் வீட்டு வாசலுக்கே வருகிறது. வாரத் தவணைக் கடன், நகைக் கடன், போனிலேயே கிடைக்கும் கடன் என்று வட்டி பல உருவங்களில் நுழைகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாமியிடம் நலம் விசாரிக்க நேரமில்லை. கைபேசி பார்க்க இரவு முழுவதும் நேரமிருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தடுப்பூசி போட்டதால் பக்கத்து வீட்டுக்குப் போவதை நிறுத்தினோமா? மகள் படித்ததால் வட்டிக்கு வாங்கினோமா? பெற்றதற்கு விலையாக இவற்றைக் கொடுக்கவில்லை. நாமாக நழுவ விட்டோம். அதனால் இழந்ததைத் திரும்ப எடுக்கப் பெற்றதை விட வேண்டியதில்லை. கம்பங்கூழும் குடிக்கலாம், தடுப்பூசியும் போடலாம். இரண்டுக்கும் சண்டை இல்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தை நாம் பொற்காலம் என்கிறோம். ஹிஜ்ரி 18இல், அதாவது 639ஐ ஒட்டி, அரபு நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. மண் சாம்பல் நிறமாகிப் போனதால் சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயர். அதே சமயத்தில் ஷாம் பகுதியில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவி அபூ உபைதா (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்களை எடுத்துக்கொண்டது. பஞ்சம் தீரும் வரை உமர் (ரலி) நெய்யும் இறைச்சியும் தொடவில்லை. மற்ற மாகாணங்களிலிருந்து உணவு வரவழைத்து மக்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கியது வசதி அல்ல. கஷ்டத்தை ஆட்சியாளரும் சேர்ந்து சுமந்தார், ஊரும் பங்கிட்டுக்கொண்டது. முன்னோரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குணம். அவர்களின் பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் ஆசைப்பட வேண்டியதில்லை.

7. நாம் செய்ய வேண்டியது

இன்றைய நல்வாழ்வு அல்லாஹ்வின் நிஃமத். அது ஊசி போட வந்த செவிலியர், மருந்தடித்த ஊழியர், சோறாக்கிய சத்துணவுப் பணியாளர், பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் ஆகியோரின் கைகள் வழியாக நமக்கு வந்தது. கைகள் ஓய்ந்தால் அதுவும் நிற்கும். தடுப்பூசி விட்டுப்போன இடங்களில் தட்டம்மையும் தொண்டை அடைப்பானும் திரும்பத் தலைகாட்டுகின்றன. நன்றி செலுத்துவது என்றால் கிடைத்ததைக் காப்பதும் சேர்த்துத்தான்.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்தாரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்:

குழந்தையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். விட்டுப்போனது இருந்தால் சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகளின் பரிசோதனை ஒன்றையும் தவற விடாதீர்கள். பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்று முன்னதாகவே முடிவு செய்யுங்கள். 108 எண்ணை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

முப்பது வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணமில்லை என்பதற்காக மகளின் படிப்பை நிறுத்தும் எண்ணம் வந்தால், நிறுத்தும் முன்பு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். வட்டிக்கு வாங்கும் முன்பும் வாருங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. உங்கள் பாட்டியுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பெரியவர்களானவர்கள் எத்தனை பேர்? மற்றவர்களின் பெயர் யாருக்காவது தெரியுமா?

2. உங்கள் அத்தா சிறுவராக இருந்தபோது வாரத்தில் எத்தனை நாள் நெல்லுச்சோறு?

3. உங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட பெண் யார்?

4. அந்தக் காலத்து நல்ல பழக்கங்களில் எதை இந்த மாதமே உங்கள் வீட்டில் மறுபடி தொடங்கலாம்?

விடைகளை மாணவர்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். சிறு வயதில் போன பிள்ளைகளின் பெயர் கிடைத்தால் அதையும் எழுதி, அவர்களையும் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நமக்குக் கிடைத்ததைக் காத்து, நம்மைவிட நலமான வாழ்வை நம் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வல்ல நாயன் அருள் புரிவானாக. ஆமீன்.

செயலாளர்